என் நெஞ்சில் அசையாத இழைகள்

என் இதயம் வலப்பக்கம் இருக்கிறது. நாற்பது வயது தாண்டும் வரை இது எனக்குத் தெரியாது. என்னைப் பெற்றவளுக்கும் தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். இடம் மாறியிருந்தாலும் அது தன் வேலையைக் குறையில்லாமல் செய்துவருகிறது என்று டாக்டர் சொன்னார். ஆகவே நான் எழுத வந்தது இதயத்தைப் பற்றி அல்ல. அதைவிடச் சிறிய, கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பற்றி.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மண்டியில் கோணி தைக்கிறேன். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். எடை போட்ட கோணியின் வாயைச் சணலால் தைத்து மூடுவது என் வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. கூலியைக் கூட்டிக் கேட்பதென்றாலும் பக்கத்தில் தைக்கிறவனைத்தான் கேட்கச் சொல்வேன். அப்படிப்பட்டவன் தன் உடம்பைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. வருஷக்கணக்காக இருமிக்கொண்டு, என்னவென்று தெரியாமல், கேட்கவும் கூசிக்கொண்டு இருக்கிற யாராவது ஒருவர் இதைப் படித்தால் போதும்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சளி உண்டு. மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும். காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் இருமினால்தான் பேச்சு வரும். சின்ன வயதில் குளிர்ந்த உடம்பு என்றார்கள். வேலைக்குப் போன பிறகு மண்டித் தூசி என்றார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் தைத்துக்கொண்டிருக்கும்போது இருமல் வந்தது. வாயைத் துடைத்த துண்டில் ரத்தம். கோணியிலும் தெறித்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். யாரும் கெட்டவர்கள் அல்ல. டி.பி. என்றால் யாரும் அப்படித்தான் எழுந்திருப்பார்கள், நானும் எழுந்திருப்பேன்.

வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி பச்சையம்மாள், என் அக்காள் தனபாக்கியம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காள்தான். புருஷன் செத்த பிறகு, மகள் சரோஜாவைக் கட்டிக்கொடுத்துவிட்டு எங்களோடே இருக்கிறாள். பச்சையம்மாள் மலையைச் சுற்றிப் போகிற வழியில் உள்ள அடி அண்ணாமலையில் பிறந்தவள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவள் வெறுங்காலோடு மலை சுற்றி வருவாள். எதற்கென்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும்.

ரத்தத்தைப் பார்த்ததும் அக்காள் நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தினி வருஷமா வயித்துல ஒரு புழு பூச்சி தங்கல. இப்ப என் தம்பியையும் ரத்தம் கக்க வச்சிட்டா. இவ ராசிடா, இவ காலெடுத்து வச்ச ராசி!"

பச்சையம்மாள் துண்டைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள்.

"நீ பொழைச்சு எழுந்து வா. வர அன்னிக்கு இவ அண்ணங்காரன் வந்து இவள கூட்டிகினு போவட்டும். என் நாத்தனா பொண்ணு ஒருத்தி இருக்கறா" என்றாள் அக்காள்.

"ரெண்டாம் கல்யாணம் சட்டத்துல இல்லக்கா" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"சட்டம்லாம் கெவருமெண்டு உத்தியோகம் பாக்கறவனுக்கு. கோணி தைக்கறவனுக்கு இன்னா சட்டம்?"

அதோடு எனக்கு மறுபடி இருமல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் மனதில் பயம் இரண்டாக இருந்தது. நான் பிழைப்பேனா என்பது ஒன்று. பிழைத்துத் திரும்பினால் அவள் வீட்டில் இருப்பாளா என்பது மற்றொன்று.

ஊருக்கு வெளியே இருந்த அந்த ஆஸ்பத்திரியில் டி.பி. நோயாளிகளுக்குத் தனியாக ஓட்டுக் கொட்டகை ஒன்று உண்டு. எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நெஞ்சில் கீழ்ப்பக்கம் நிழல் தெரிகிறது என்றார் பெரிய டாக்டர். மூடி போட்ட சின்ன டப்பாவில் காலைச் சளியைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அதில் டி.பி. கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கிருமி இல்லை என்றே வந்தது. ரத்தமும் நிழலும் இருப்பதால் கிருமி ஒளிந்திருக்கும் என்று ஊசி போட்டார்கள். ஊசி ஏறஏற என் காதில் சில்வண்டு போல ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. இருமல் குறையவில்லை.

வீட்டார் கொட்டகைக்குள் வரக்கூடாது. எதிரே ஒரு புங்கமரம். காலையில் அக்காளும் பச்சையம்மாளும் அதன் கீழ் வந்து உட்காருவார்கள், நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காருகிற அளவு இடம் விட்டு. அக்காள் கேழ்வரகுக் கூழை நன்றாகக் கரைத்து, மோர் ஊற்றி, நான் குடித்து முடிக்கும் வரை தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாள். பச்சையம்மாள் என் துணிகளைக் கொதிக்க வைத்துத் துவைத்துக் காயப் போடுவாள். இருவருக்கும் என் மேல் இருந்த பிரியத்தில் நான் ஏற்றத்தாழ்வு பார்த்ததில்லை.

பெரிய டாக்டர் விடுப்பில் போனபோது டாக்டர் பால்ராஜ் வந்தார். வயதில் இளையவர். மதராஸில் வைத்தியக் கல்லூரியில் பாடம் சொன்னவர். என் கட்டிலுக்கு வந்து குழாயை இடப்பக்க நெஞ்சில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். குழாயைக் காதிலிருந்து எடுத்துத் தட்டிப் பார்த்து மறுபடி வைத்தார்.

"ஏழுமலை, உயிரோடதான இருக்கீங்க?"

"இருக்கறேங்க."

"பின்ன ஏன் பக்கத்து வீட்ல மாவு இடிக்கற மாதிரி தூரத்துல கேக்குது?"

குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வலப்பக்கம் வந்தார். அங்கே நின்றார்.

"அட, இங்க இருக்கியா நீ!" என்றார். என்னிடம் அல்ல, என் இதயத்திடம்.

வயிற்றை விரலால் தட்டினார். ஈரலும் இடப்பக்கம் போயிருந்தது. கண்ணாடிக்குள் தெரிகிற மனிதனைப் போல எனக்கு உள்ளே எல்லாம் பக்கம் மாறியிருக்கிறதாம். என் பழைய எக்ஸ்ரே படத்தை வரவழைத்தார். அதிலோ இதயம் எல்லாருக்கும் போல இடப்பக்கமே இருந்தது. எக்ஸ்ரே எடுக்கிற சுந்தரத்தைக் கூப்பிட்டார்.

"இது இவர் படம்தானா?"

"இவருதுதான் சார்."

"இதுல இதயம் இடது பக்கம் இருக்கே."

சுந்தரம் தலையைச் சொறிந்தார். "சார், படம் கழுவி எடுத்தப்போ இதயம் வலது பக்கந்தான் இருந்துச்சு. நான்தான் ஏதோ மாத்தி வச்சிட்டேன்னு நினைச்சு, பெரியவரு திட்டுவாருன்னு பயந்து, பிலிமைத் திருப்பிப்போட்டு, இடம் வலம் காட்டற எழுத்தை இந்தப் பக்கம் ஒட்டிட்டேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. இனிமே இதயம் முதுகுல இருந்தாலும் இருக்கற மாதிரியே கொண்டாப்பா."

சுந்தரம் பிறகு தனியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் வரை தினமும் எனக்கு வெந்நீர் பிடித்துவந்து கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

"இது டி.பி. இல்ல" என்றார் டாக்டர் பால்ராஜ். மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் கிளை கிளையாகப் பிரிகிறது. அந்தச் சின்னக் கிளைகள் பழைய சைக்கிள் டியூப் போலத் தளர்ந்து அகன்றுவிட்டால் சளி வெளியே வராமல் அங்கேயே தேங்கும். தேங்கினால் புண்ணாகும், புண் உடைந்தால் ரத்தம். படத்தில் தெரிந்த நிழல் அதுதான். இதயம் வலப்பக்கம் இருக்கிறவர்களில் சிலருக்கு இந்தச் சளித் தொல்லையும் மூக்கடைப்பும் சேர்ந்தே வருவதாகச் சீமையில் எழுதியிருக்கிறார்களாம். ஏன் சேர்ந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாதாம்.

பழைய ஊசியை நிறுத்தினார்கள். என்னைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலில் மலை முழுதாகத் தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் ஜட்கா வண்டி ஓட்டுகிற காசிம் பாய், குதிரை உதைத்துக் கால் முறிந்து, மாவுக்கட்டோடு கிடந்தார். என் கதையைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, எத்தினியோ பேரை நான் வண்டியில ஏத்தி மலை சுத்தி வந்துகிறேன். மலை வலக்கைப் பக்கமே இருக்கணும்பாங்க. உங்காளுங்க கணக்குப்படி பார்த்தா, நீ போன ஜென்மத்துல எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கே. அதான் மேல இருக்கறவன் உள்ளாற எல்லாத்தையும் திருப்பி வச்சு அனுப்பிட்டான்."

வார்டே சிரித்தது. பச்சையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப இவரு இனிமே எந்தப் பக்கமா சுத்தணும் பாய்?" என்று கவலையோடு கேட்டாள்.

உள்ளே வந்த டாக்டர் காதில் இது விழுந்தது. "உங்க வீட்டுக்காரர் எந்தக் கையால சாப்பிடறார்?"

"சோத்துக் கையாலதாங்க."

"அப்ப எல்லாரும் போற பக்கமே போகட்டும்."

அன்று அவர் கையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் அவருடைய சொந்த மைக்ராஸ்கோப். ஜன்னல் விளிம்பில் வைத்து, கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்தார். நல்ல மூக்கு ஒன்றும் என் மூக்கும் வேண்டும் என்றார்.

"என் மூக்கு எடுத்துக்கங்க டாக்டர். நல்ல சரக்கு" என்று காசிம் பாய் முகத்தை நீட்டினார்.

மெல்லிய கரண்டி போன்ற ஒன்றால் அவர் மூக்கின் உள்பக்கம் லேசாகச் சுரண்டினார் டாக்டர். பாய்க்கு அடுக்குத் தும்மல். சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீரில் வைத்து, என்னைப் பார்க்கச் சொன்னார்.

வட்டமாக ஒரு வெளிச்சம். அதில் கூழாங்கல் போலச் சில உருண்டைகள் ஒட்டிக் கிடந்தன. அவற்றின் ஒரு ஓரம் மட்டும் மினுமினுத்துக்கொண்டிருந்தது. உற்றுப் பார்க்கப் பார்க்க, அந்த ஓரம் முழுக்க மயிர் போன்ற இழைகள் இருப்பது தெரிந்தது. அத்தனையும் ஆடின. நெல் வயலில் காற்று போவதுபோல ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அலை ஓடியது.

"ஒவ்வொரு உருண்டையும் ஒரு உயிரணு. செங்கல் அடுக்கின மாதிரி இதை வச்சுத்தான் உடம்பு மொத்தமும் கட்டியிருக்கு. மேல ஆடுதே, அதுக்குப் பேரு சிலியா. கண் இமை மயிர்னு அர்த்தம். மூக்குலேர்ந்து மூச்சுக்குழாய் கிளை வரைக்கும் இருக்கு. உள்ள போற தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கமா தள்ளிவிடறது இதுங்க வேலை" என்றார்.

பிறகு என்னுடையது. அதே உருண்டைகள். ஓரத்தில் அதே இழைகள். ஒன்றும் ஆடவில்லை. கண்ணாடித் துண்டை மாற்றினார். வேறு இடத்தில் சுரண்டிப் பார்த்தார். அப்படியேதான். காற்று செத்துப்போன வயல் மாதிரி இருந்தது.

எனக்கு மண்டி நினைவு வந்தது. சாயங்காலம் சிந்திய மல்லாட்டையையும் தூசியையும் பெண்கள் வரிசையாக நின்று ஒரே பக்கமாகத் தள்ளிப் பெருக்குவார்கள். ஒருத்தி துடைப்பம் முடிகிற இடத்தில் அடுத்தவள் துடைப்பம் தொடங்கும். அவர்கள் அத்தனை பேரும் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டால் மண்டி என்ன ஆகும் என்று டாக்டரிடம் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசினதில்லை.

"அதேதான். உங்க நெஞ்சுல துடைப்பம் இருக்கு, பெருக்கல."

"எப்பலேர்ந்துங்க?" என்று கேட்டது பச்சையம்மாள்.

"பிறந்ததுலேர்ந்து இப்படித்தான் இருந்திருக்கணும்."

"பொறந்ததுலேர்ந்தா? கல்யாணத்துக்கு அப்பறம் வந்தது இல்லீங்களே?"

"இல்லம்மா. இதயம் வலப்பக்கம் இருக்கறதும் தாய் வயித்துலேயே ஆனது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கொண்டுவந்தார். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்ற பெரிய கருவியில் ஓர் இழையைக் குறுக்காக வெட்டி எடுத்த படம் அதில் இருந்தது. இழை ஒரு மயிர் போல ஒரே கட்டியாக இல்லை. உள்ளே நுண்ணிய குழாய்கள். இரண்டிரண்டாக ஒட்டிய ஒன்பது ஜோடி வட்டமாக நிற்கின்றன, நடுவில் இரண்டு. பெண்கள் ஜோடி ஜோடியாக வட்டம் போட்டுக் கும்மியடிக்க, நடுவில் இரண்டு பேர் நிற்பது போலத் தோன்றியது. அந்தக் குழாய்கள் ஒன்றை ஒன்று உரசி நகர்வதால்தான் இழை வளைகிறது என்று நினைக்கிறார்களாம். என் இழைகளில் எந்தக் குழாய் சரியில்லை என்பது அவருக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய கருவி நம் பக்கத்தில் இல்லை.

பக்கத்தைத் திருப்பி இன்னொரு படம் காட்டினார். அதிலும் ஒன்பது ஜோடி வட்டம். நடுவில் இருந்த இரண்டு பேரைக் காணோம்.

"இது வேற வகை. ஒரு உயிரணுவுக்கு ஒண்ணே ஒண்ணுதான். சிறுநீரகத்துல பாத்திருக்காங்க, கண்ணுல பாத்திருக்காங்க, இன்னும் எங்கெங்கயோ. இது ஆடறதே இல்ல."

"இதுவும் கோளாறுங்களா?"

"இல்ல, எல்லாருக்கும் இப்படித்தான். எனக்கும் உங்களுக்கும் காசிம் பாய்க்கும். எதுக்கு இருக்குனுதான் யாருக்கும் தெரியல. பழைய காலத்து மிச்சம், உபயோகம் இல்லனு சிலர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. ஒரு விரலை வெளியில நீட்டி வச்ச மாதிரி இருக்கு பாருங்க. வெளியில என்ன நடக்குதுனு அந்த உயிரணு தொட்டுத் தெரிஞ்சுக்குதோ என்னவோ. எனக்குத் தோணறது, அவ்வளவுதான்."

ஒரு படித்த மனிதர் கோணி தைக்கிறவனோடு உட்கார்ந்து தனக்குத் தெரியாததைப் பற்றிப் பேசினார். அன்று முழுவதும் அந்த ஒற்றை இழையையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆடாமல், சத்தமில்லாமல், உடம்பு முழுக்க அது நிற்கிறது என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

இனி வைத்தியம். நின்ற துடைப்பங்களை ஆட்டிவைக்க மருந்து கிடையாது. புண்ணுக்குப் பென்சிலின் ஊசி. மற்றபடி சளியை வெளியிலிருந்து இறக்க வேண்டும். கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தி, தலை தாழப் படுக்க வேண்டும். ஒருவர் உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்ட வேண்டும். சளி தளர்ந்து தானாகத் தொண்டைக்கு இறங்கும். வாழ்நாள் முழுக்க, தினமும்.

முதலில் அக்காள்தான் முன்வந்தாள். நாலு தட்டில் எனக்கு மூச்சு நின்றுவிடும் போல இருந்தது.

"அம்மா, நீங்க துணி துவைக்கல" என்று நர்ஸ் ஓடிவந்தாள்.

"சின்ன வயசுல இவன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதுக்கெல்லாம் சேத்துக் குடுக்கறேன்" என்றாள் அக்காள். ஆனால் விலகி உட்கார்ந்தாள். பச்சையம்மாள் தட்டினாள். நர்ஸ் காட்டியதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். முறத்தில் அரிசி புடைக்கிற கை அது, தாளம் தவறவில்லை. அன்று காலை நெஞ்சிலிருந்து இறங்கிய சளியைப் பார்த்து டாக்டருக்கே திருப்தி. வெகுகாலத்துக்குப் பிறகு மூச்சு அடி வரை போய் வந்தது. அது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

பிறவியிலேயே வந்தது என்பதை அக்காளிடமும் டாக்டர் சொன்னார். அக்காள் யோசித்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"சரி, சளி அவளால வரலன்னே வச்சுக்க. வயிறு? நான் சொன்னது சொன்னதுதான். அவ அண்ணனுக்கு ஆள் சொல்லி அனுப்பிட்டேன்."

அந்த வாரம் டாக்டர், "குழந்தைங்க எத்தனை?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். பச்சையம்மாள், "இல்லீங்க" என்றாள். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அவளை லேடி டாக்டரிடம் அனுப்பினார். எனக்கு ஒரு பரிசோதனை செய்தார். என்ன பரிசோதனை என்று எழுதக் கை கூசுகிறது. ஆண்களுக்குச் செய்வது என்றால் புரியும்.

முடிவைச் சொல்ல என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்க வீட்டம்மாவுக்கு ஒரு குறையும் இல்லனு லேடி டாக்டர் சொல்றாங்க. உங்க வித்துல உயிர் இருக்கு, எண்ணிக்கையும் கம்மி இல்ல. ஆனா ஒவ்வொண்ணுக்கும் வால்னு ஒண்ணு உண்டு, அதை ஆட்டித்தான் நீந்திப் போகணும். உங்களுக்கு அந்த வால் ஆடல. அந்த வாலுக்குள்ளயும் அதே ஒன்பது ஜோடி, நடுவுல ரெண்டு. மூச்சுக்குழாய் இழை மாதிரியேதான் அமைப்பு. ரெண்டுக்கும் ஒரே காரணம்னு எந்தப் புஸ்தகத்துலயும் நான் படிக்கல. ஆனா ரெண்டையும் என் கண்ணால பாத்தேன், ரெண்டும் நிக்குது."

"மருந்து?"

"இல்ல, ஏழுமலை."

புங்கமரத்தடியில் பச்சையம்மாளிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் காலடியில் கிடந்த காய்களைப் பொறுக்கி ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

"ஏன்?"

"எனக்குப் பழகிப்போச்சு. மலடின்னா நான் தலையக் குனிஞ்சிகினு போயிடுவேன். உங்களச் சொன்னா மண்டியில எப்படி உக்காருவீங்க? நாலு பேரு கேலி பண்ணா உங்களுக்கு பதில் பேசக்கூட வராதே."

"உன்ன அனுப்பிடுவாங்களே."

"அடி அண்ணாமலை எங்க இருக்குது, கூப்பிடு தூரம். வந்து வந்து பாத்துக்குவேன்."

அவள் சொன்னது எனக்கு வசதியான வழி. அதை ஏற்றுக்கொள்ள ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று முழுவதும் அவள் கையால் என் முதுகில் விழுந்த தட்டுகள்தான் நினைவில் இருந்தன.

வீடு திரும்புகிற நாள் வந்தது. மண்டி முதலாளி பாதிக் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டார். மீதியை ஆஸ்பத்திரி தள்ளுபடி செய்துவிட்டது. வராந்தாவுக்கு வந்தால் அக்காள் நிற்கிறாள். பச்சையம்மாளின் அண்ணன், என் மச்சான், தூணோரம் குந்தியிருக்கிறார். அவர் பக்கத்தில் பச்சையம்மாளின் துணிமூட்டை, அக்காளே கட்டிக் கொண்டுவந்தது. வைத்தியத்துக்கு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுந்தரம் இருந்தார். காசிம் பாய் கட்டைக்கோலை ஊன்றிக்கொண்டு என்னை வழியனுப்ப வந்திருந்தார். நாலு பேர் அல்ல, நாற்பது பேர் இருக்கும்.

"நாங்க கெளம்பலாமா மச்சான்?" என்று என்னைக் கேட்டு, எழுந்து மூட்டையைத் தூக்கினார் அவர். பச்சையம்மாள் அவர் பின்னால் ஓரடி வைத்தாள்.

"அக்கா, அந்த மூட்டை நம்ம வீட்டுக்கே போவட்டும்" என்றேன்.

"இன்னாடா?"

"குறை என்னுது. டாக்டரு பாத்துட்டாரு."

"நெஞ்சுலதானடா குறை?"

"நெஞ்சுல மட்டும் இல்ல. புள்ள இல்லாததும் என்னாலதான். அவளுக்கு ஒரு குறையும் இல்ல."

வரிசையில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அக்காள் என் பக்கத்தில் வந்தாள். "ஆளுங்க நிக்கறாங்கடா. மெதுவா பேசு."

"மெதுவா பேசிப் பேசித்தான் இத்தினி வருஷம் போச்சுக்கா. என் ஒடம்புல ஆட வேண்டியது ஆடல. நெஞ்சுலயும் ஆடல, அங்கயும் ஆடல. பொறவியிலேர்ந்தே."

எங்கோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. காசிம் பாய் கட்டைக்கோலைத் தரையில் ஒரு தட்டு தட்டினார். "எவன்டா அவன்? உன் மூக்க டாக்டர்கிட்ட சுரண்டக் குடுத்துப் பாரு, எத்தினி ஆடுதுனு தெரியும்." அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு என் மேல் இல்லை.

மச்சான் மூட்டையை மெல்லக் கீழே வைத்தார். "அப்ப நான் ஒரு டீ குடிச்சிட்டுக் கெளம்பறேன்" என்று வேஷ்டியைத் தட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

அக்காள் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு மூட்டையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மண்டியில் கேலி பேசினார்கள். சில நாள் பேசினார்கள். மல்லாட்டை வரத்து ஜாஸ்தியானதும் விட்டுவிட்டார்கள். அன்று சொன்னதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. டாக்டர் பால்ராஜ் மதராஸுக்கே திரும்பிப் போய்விட்டார். எனக்கு டி.பி. இல்லை என்று சொன்னதற்கு அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் எனக்குப் புரிகிற பேச்சில் சொன்னதற்கு அதைவிட அதிகமாகக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்தத் தை மாதம் அக்காளின் மகள் சரோஜாவுக்கு அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. பிள்ளை இல்லாதவளை இந்தச் சடங்குக்கு எங்கள் பக்கத்தில் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் சமையல் கட்டைத் தாண்ட விடமாட்டார்கள். அன்று விடியும்போதே அக்காள் வந்து அடுப்படியில் நின்றாள்.

"ஏய் பச்ச, தலைக்கு ஊத்திகினியா? சீக்கிரம் பொடவ கட்டு. சரோஜாவுக்கு மொத வளையல் நீதான் போடணும்."

"நானா? வாணாம் அண்ணி. நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"நாலு பேருக்கு எந்தம்பிதான் ஆஸ்பத்திரி வாசல்லயே சொல்லிட்டானே. இன்னும் இன்னா இருக்குது சொல்றதுக்கு? வா."

சாயங்காலம் பச்சையம்மாள் திரும்பி வந்தபோது முழங்கை வரை பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். மறுநாள் காலை வழக்கம்போலத் தலை தாழப் படுத்தேன். அவள் தட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு தட்டுக்கும் வளையல்கள் கலகலவென்று குலுங்கின.

"காதுக்குள்ளயே அடிக்குதே. கழட்டி வச்சிட்டுத் தட்டேன்" என்றேன்.

"கழட்ட மாட்டேன். பேசாம இருமுங்க" என்றாள்.